தனி உலை

என் மடிக்கணினியில் இன்றைய தேதிக்கு ஐந்து பைத்தான்கள் இருக்கின்றன. பாம்பைச் சொல்லவில்லை, நிரல்மொழியைச் சொல்கிறேன். (அந்தப் பெயரே பாம்பிலிருந்து வந்ததில்லை, மாண்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவிலிருந்து வந்தது.) 2.7, 3.6, 3.11, 3.12, 3.13. இதில் 3.12 நான் கொண்டுவந்து வைத்ததில்லை. உபுண்டு 24.04 தன் சொந்த வேலைகளுக்காக வைத்துக்கொண்டிருப்பது. அதன்மேல் கை வைக்கக்கூடாது. மற்ற நான்கும் நான் வைத்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு.

இதைக் கணினித் துறைக்கு வெளியே இருப்பவர்களிடம் சொன்னால், "புதுசு ஒன்ன வச்சிக்கிட்டு பழசையெல்லாம் தூக்கிப் போட வேண்டியதுதானே?" என்பார்கள். கைப்பேசிச் செயலிகள் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. இரவில் தூங்கப் போகிறோம், காலையில் எல்லாம் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. நிரல்மொழி விஷயம் அப்படியில்லை. ஒரு நிரல் தனியாக நிற்பதில்லை. எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டதோ அந்தப் பதிப்பையும், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் பத்திருபது நூலகங்களையும் நம்பித்தான் நிற்கிறது. அந்த நூலகங்களுக்கும் பதிப்புகள் உண்டு. நம்பை என்ற கணித நூலகத்தின் 2.0 பதிப்பு 2024 ஜூனில் வந்தபோது, பழைய வரிசையை வைத்துத் தொகுக்கப்பட்ட எத்தனையோ தொகுதிகள் அதனோடு சேர மறுத்தன. ஒரு வேலைக்குப் பழையது வேண்டும், இன்னொரு வேலைக்குப் புதியது வேண்டும். இருப்பதோ ஒரே கணினி.

கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் கல்யாணமாகி ஒரே வீட்டில் இருப்பார்கள். ஒரே அடுப்படி. ஒருத்திக்குக் காரம் வேண்டும், இன்னொருத்திக்கு வயிற்றுப்புண். ஒருத்தி வெள்ளிக்கிழமை கவிச்சி சேர்க்கமாட்டாள். கொஞ்ச நாளில் ஒரு காலைப்பொழுதில் பின்கட்டில் இன்னொரு அடுப்பு முளைத்திருக்கும். "தனி உலை வச்சிட்டாங்க" என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். கூரை ஒன்று, தண்ணீர்க் குழாய் ஒன்று, மின்சாரக் கட்டணம் ஒன்று. சோற்றுப்பானை மட்டும் வேறு வேறு. பைத்தானில் மெய்நிகர்ச் சூழல் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அதற்கு மேல் அதில் பெரிய சூட்சுமம் எதுவும் கிடையாது.

உண்மையிலேயே கிடையாது. கட்டளை வரியில் 'பைத்தான்' என்று தட்டினால், கணினி ஒரு முகவரிப் பட்டியலை எடுத்து வரிசையாகத் தேடுகிறது. அந்தப் பட்டியலின் பெயர் பாத். எந்த அடைவில் அந்தப் பெயர் முதலில் அகப்படுகிறதோ அதுதான் ஓடும். வாசலில் நின்று "குமாரு!" என்று கூப்பிட்டால் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் குமார் எழுந்து வருவான்; சமையலறையில் இருக்கும் குமாருக்குக் காதே கேட்காது. சூழலை 'ஆக்டிவேட்' செய்வது என்றால், நம்முடைய அடைவைப் பட்டியலின் தலையில் கொண்டுபோய் வைப்பது. நமக்கு வேண்டிய குமாரை வாசலில் உட்கார வைப்பது. 2007-இல் இயன் பிக்கிங் எழுதிய வெர்ச்சுவல்என்வ் இப்படித்தான் வேலை செய்தது. 2012-இல் பைத்தான் 3.3 வந்தபோது அதன் எளிய வடிவம் ஒன்று மொழியோடேயே சேர்ந்து வந்தது. பல பதிப்புகளை வைத்துக்கொள்ள உதவும் பைஎன்வ் இன்னும் ஒரு படி போகிறது. பட்டியலின் தலையில் தானே ஒரு போலிக் குமாராக உட்கார்ந்துகொண்டு, எந்த அடைவிலிருந்து கூப்பிடுகிறீர்கள் என்று பார்த்து, அங்கே ஒரு சின்னக் கோப்பில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்து, சரியான ஆளிடம் அனுப்பி வைக்கிறது.

பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்தபோது இதை யாரும் சொல்லித் தரவில்லை. வரிசைப்படுத்தும் முறைகளில் எது வேகமானது என்று மூன்று பாடங்களில் படித்தோம். வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே தேவைப்பட்டது இதுதான்.

பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். அங்கே சில்லுகளைப் படமெடுத்துக் குறை கண்டுபிடிக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதன் கேமராவோடு பேசும் நூலகம் பைத்தான் 3.6-க்கென்று தொகுக்கப்பட்டது. மூல நிரல் எங்களிடம் இல்லை. செய்து கொடுத்தவர்கள் அந்தப் பொருளையே நிறுத்திவிட்டார்கள். 3.6-க்கான ஆதரவு 2021 டிசம்பரோடு முடிந்தது. இயந்திரத்துக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு ஷிப்டுக்கு ஷிப்டு ஓடிக்கொண்டிருக்கிறது. 3.9-லிருந்து பைத்தான் ஆண்டுக்கு ஒரு பதிப்பு விடுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு ஆயுள். தொழிற்சாலை இயந்திரத்தை வாங்குபவர் பதினைந்து வருடக் கணக்கில் வாங்குகிறார். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் மாட்டிக்கொள்வதுதான் என்னைப் போன்றவர்களின் உத்தியோகம்.

ஒரு சிறிய வம்பு. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் ஒரு மாற்றம் வந்தது. இயக்குதளத்துக்குச் சொந்தமான பைத்தானில் பிப் மூலம் எதையாவது நிறுவப்போனால், 'இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்' என்று சொல்லித் தடுத்துவிடும். தனி உலை வை, பொதுப் பானையில் கை விடாதே என்று அர்த்தம். மீறித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு சொடுக்கு இருக்கிறது. அதன் பெயர் 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. உடைக்கப் போகிறாய் என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மென்பொருள் உலகில் இவ்வளவு நேர்மையான பெயரை நான் பார்த்ததில்லை. அப்படியும், வரும் கேள்விகளுக்கெல்லாம் அந்தச் சொடுக்கையே பதிலாகக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி 2.7. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

என் பெரியப்பா பேராக்கில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஓய்வுபெறுவதற்கு முன்னும் பின்னும், சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருந்த வயசாளிகளைத் தேடிப்போய்ப் பேச வைத்து ஒலிநாடாவில் பதிந்தார். சயாம் மரண ரயில் வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள், திரும்பாதவர்களின் தம்பி தங்கைகள். 1942-லிலும் 1943-லிலும் ஜப்பானியர் 415 கிலோமீட்டருக்குப் போட்ட அந்தப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல பத்தாயிரம் பேர். அவர்களில் மிகப் பலர் வரவில்லை. போர்க்கைதிகளாயிருந்த வெள்ளையர்கள் நாட்குறிப்பும் நினைவுக்குறிப்பும் நிறையவே எழுதினார்கள். நம் ஆட்கள் எழுதி வைத்தது மிகக் குறைவு. பெரியப்பா கேட்டதையெல்லாம் பேசியபடியே, கொச்சையைத் திருத்தாமல், கணினியில் தட்டி வைத்தார். ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்துப் போயின. பேசியவர்களில் இன்று யாரும் உயிரோடு இல்லை. மிச்சம் இருப்பது ஒரு குறுவட்டில் 143 கோப்புகள்.

திறந்தால் ஒரு எழுத்தும் தமிழில் இல்லை.

கணினித் தமிழுக்கு இந்த வட்டாரம் நிறையச் செய்திருக்கிறது. முத்து நெடுமாறனின் முரசு 1985-லேயே இங்கே பிறந்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்துக்குக் கொண்டுபோக உழைத்தார். 1997-இல் தமிழ்நெட் மாநாடு அங்கேதான் நடந்தது. ஆனால் அந்தக் காலம் ஆளுக்கொரு குறியேற்றம் வைத்திருந்த காலம். தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் என்று இரண்டை ஏற்றது. இணையத்தில் டிஸ்கி புழங்கியது. எழுத்துரு விற்றவர்கள் தங்களுக்குத் தோன்றியபடி அடுக்கினார்கள். 128-க்கு மேற்பட்ட எண்களில் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது அந்த எழுத்துருவுக்கு மட்டுமே தெரியும். எழுத்துரு இல்லாவிட்டால் கோப்பில் இருப்பது ஐரோப்பிய உச்சரிப்புக் குறிகளின் குப்பை. பெரியப்பா பயன்படுத்தியது அப்போது இங்கே பரவலாக இருந்த எழுத்துருக்களில் ஒன்று.

அதை யூனிகோடுக்கு மாற்ற ஒரு நிரல் ஏற்கெனவே இருந்தது. பல்கலைக்கழகத்தில் எனக்கு நான்கு வருடம் மூத்த ஓர் அண்ணன், தமிழ் மன்றத்தின் பழைய ஆண்டு மலர்களை மாற்றுவதற்காக 2013-இல் எழுதியது. பைத்தான் 2.7-இல்.

இணையத்தில் மாற்றிகள் உண்டுதானே என்று கேட்கலாம். உண்டு. முதலில் அதைத்தான் போட்டுப் பார்த்தேன். வந்ததை வாசித்தபோது ஒரு சொல் திரும்பத் திரும்ப இடித்தது: 'கௌம்பினோம்'. பக்கத்துக்கு நாலு இடத்தில். 'காலையில கௌம்பினோம்', 'மறுபடி கௌம்பச் சொன்னான்'. அந்த எழுத்துருவில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே குறிதான். முன்னால் கொம்பு, நடுவில் 'க', பின்னால் 'ள' என்று இருந்தால் அது 'கௌ'வாகவும் இருக்கலாம், 'கெள'வாகவும் இருக்கலாம். கௌரிக்கு ஒன்று, கெளம்புவதற்கு ஒன்று. எழுத்துத்தமிழில் 'கிளம்பு' என்றுதானே எழுதுவோம், அதனால் மாற்றி எழுதியவருக்கு இந்தச் சிக்கலே வந்திருக்காது. பேச்சுத்தமிழை அப்படியே எழுதினால் 'கெளம்பு', 'வெளக்கு', 'வெளயாட்டு' என்று கொட்டிக் கிடக்கும்.

அண்ணனின் நிரல் 'கெளம்பினோம்' என்று சரியாகவே கொடுத்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். ஆண்டு மலர்ச் சிறுகதைகளில் உரையாடல் நிறைய வரும் இல்லையா? தவறாக வந்த ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து ஒரு விதிவிலக்குப் பட்டியல் கட்டியிருந்தார். எண்பது சொற்களுக்கு மேல். நம் பேச்சின் சின்ன அகராதி மாதிரி இருந்தது அது.

அப்படியானால் அந்த நிரலைப் புதிய பைத்தானுக்கு மாற்றிவிட்டால் போயிற்று. அங்கேதான் இடைஞ்சல். பைத்தான் 2-க்கும் 3-க்கும் இடையில் நடந்த பெரிய சண்டையே எழுத்தைப் பற்றியதுதான். 2-இல் சரம் என்றால் பைட்டுகளின் வரிசை. 'அம்மா'வின் நீளம் எவ்வளவு என்று கேட்டால் 15 என்று சொல்லும்; யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். பைத்தான் 3 அதே கேள்விக்கு 5 என்று சொல்லும்: அ, ம, புள்ளி, ம, கால். முதலாம் வகுப்புப் பிள்ளை 3 என்று சொல்லும். பிள்ளை சொல்வது சரி. மொழி இன்னும் அங்கே வந்து சேரவில்லை. இருந்தாலும் 15-லிருந்து 5-க்கு வந்தது நமக்கு லாபம்தான். பைத்தான் 2-இல் தமிழோடு வேலை செய்த எல்லோரும் '224 என்ற பைட்டை ஆஸ்கியால் படிக்க முடியவில்லை' என்ற பிழைச்செய்தியை ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள். யூடிஎஃப்-8-இல் எல்லாத் தமிழ்க் குறியும் 224-இல்தான் தொடங்கும். மொழி நம்மைப் பார்த்ததும் வாசலிலேயே கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கும்.

ஆனால் பெரியப்பாவின் கோப்புகள் பைட்டுகள். அவற்றைப் பைட்டாகவே மெல்லுவதற்குப் பைத்தான் 2 தோதானது. 2-லிருந்து 3-க்கு மாற்ற 'டு டு த்ரீ' என்று ஒரு கருவி மொழியோடு வந்துகொண்டிருந்தது. 3.13-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆற்றைக் கடந்தாயிற்று, ஓடம் எதற்கு என்று நினைத்தார்கள் போல. என்னிடம் 3.11 இருந்ததால் ஓட்டிப் பார்த்தேன். இலக்கணத்தை அது மாற்றித் தந்தது. கோப்பை லத்தீன்-1 என்று சொல்லித் திறக்க வைத்தேன், 256 எண்களையும் மறுக்காமல் ஏற்கும் குறியேற்றம் அது. நிரல் ஓடியது. பிழைச்செய்தி ஒன்றும் இல்லை. வெளிவந்ததை 2.7 தந்ததோடு வரிக்கு வரி ஒப்பிட்டால், ஒவ்வொரு கோப்பிலும் பத்துப் பதினைந்து இடம் வேறாக இருந்தது. கெளம்பினவர்கள் மறுபடி 'கௌம்பி'யிருந்தார்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு இரவு ஆனது. அண்ணன் மாற்று விதிகளை ஓர் 'அகராதி'யில் வைத்திருந்தார். பைத்தானில் அது ஒரு தரவு வடிவத்தின் பெயர். நிரல் அதை ஒவ்வொன்றாக எடுத்து மாற்றிக்கொண்டே போகும். பைத்தான் 3.7-லிருந்து, எந்த வரிசையில் எழுதினோமோ அந்த வரிசையில்தான் எடுக்கும் என்பது உத்தரவாதம். 2.7-இல் அப்படி இல்லை. உள்ளே நடக்கும் ஒரு கணக்கைப் பொறுத்து, நம் கண்ணுக்குத் தாறுமாறாகத் தெரியும் வரிசையில் எடுக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே தாறுமாறு. அண்ணன் அந்த வரிசையில் வந்த விடைகளைப் பார்த்துத்தான் திருத்தங்களைக் கீழே எழுதியிருந்தார். வரிசை மாறினால் திருத்தம் விழ வேண்டிய இடத்தில் விழாது. இன்னொன்று அதைவிட மோசம். சில இடங்களில் 'கொ' என்பது ஒரே உயிர்க்குறியாக வராமல் கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரிந்து வந்தது. திரையில் இரண்டும் ஒரே மாதிரி. தேடினால் மட்டும் அகப்படாது.

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, உங்க நிரல்ல வரிசை எப்படி வருதுன்னு தெரிஞ்சுதான் எழுதினீங்களா?"

சிரித்தார். "இல்லடா தம்பி. சரியா வர்ற வரைக்கும் தட்டிக்கிட்டே இருந்தேன். வந்துச்சு, விட்டுட்டேன். இன்னும் ஓடுதா அது?"

ஓடுகிறது, 2.7-இல் மட்டும். பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1-ஆம் தேதி முடிவுகட்டினார்கள். கடைசிப் பதிப்பான 2.7.18 அதே ஆண்டு ஏப்ரலில் வந்தது. உபுண்டு 24.04-இன் களஞ்சியத்தில் அது இல்லை. புதிய பிப் அதைக் கவனிக்காது, புதிய வெர்ச்சுவல்என்வ் அதற்குச் சூழல் அமைத்துத் தராது. ஆகவே இதற்குப் பின்கட்டு அடுப்பு போதாது, ஒரே காம்பவுண்டில் தனி வீடு வேண்டும். டாக்கர் அதைத்தான் தருகிறது. 2.7-இன் அதிகாரப்பூர்வப் படிமத்தை இறக்கி, அதனுள் அண்ணனின் நிரலை வைத்தேன். வலைத்தொடர்பை முழுக்க அடைத்துவிட்டேன். ஐந்தாறு வருடமாகப் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் பெறாத மென்பொருளை இணையத்தில் நடமாட விடுவது சரியில்லை. மூலக் கோப்புகளைப் படிக்க மட்டும் அனுமதி, எழுத அனுமதி இல்லை. பிறகு அந்தப் படிமத்தையே ஒரு கோப்பாகச் சேமித்து, 143 கோப்புகள் இருக்கும் அதே வன்தட்டில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். களஞ்சியத்திலிருந்து யாராவது ஒருநாள் நீக்கிவிட்டாலும் பாதகமில்லை.

அலுவலக நண்பர்கள் சிலர், புதிதாக 3.13-இல் எழுதிவிட்டுப் பழசைத் தூக்கிப் போடு என்றார்கள். எழுதிக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் நான் எழுதுவது சரியா என்று எதை வைத்துப் பார்ப்பது? 2.7 தரும் விடையை வைத்துத்தான். அது ஓடினால்தான் ஒப்பிட முடியும். தமிழில் மின்னாக்கம் பற்றி இப்போது நிறையப் பேசுகிறோம், வருடுகிறோம், ஏற்றுகிறோம். அந்தக் கோப்பை வாசித்த நிரலையும், நிரல் ஓடிய பதிப்பையும் சேர்த்து எடுத்து வைப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. குறுவட்டுகளைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

பெரியப்பாவுக்கு இப்போது 78 வயது. கண்ணழுத்த நோயால் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பசியாறியதும் கூப்பிடுவார். மாற்றிய கோப்பை நான் வாசிப்பேன், அவர் கேட்டுக்கொண்டே வருவார். பெயர்ப் பட்டியல் வரும் இடங்களில் நிரலால் ஆகாதது ஒன்று இருக்கிறது. ஊர்ப்பெயர்களும் பட்டப்பெயர்களும் எந்த விதிவிலக்குப் பட்டியலிலும் இருக்காதே. போன வாரம் ஒரு பெயரில் நின்றேன்.

"பெரியப்பா, இது கௌரின்னு வருது. கௌரியா, கெளரியா, வேற எதாவதா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "எந்தத் தோட்டம்னு போட்டிருக்கு?"

சொன்னேன்.

"கௌரிதான். கங்காணி வீட்டுப் பொண்ணு. அண்ணனத் தேடிக்கிட்டுப் போச்சு. நீ மேல படி."

112 கோப்புகள் முடிந்திருக்கின்றன. மிச்சம் 31-இல் நான்கு வேறொரு எழுத்துருவில் இருக்கின்றன. எது என்று பெரியப்பாவுக்கும் ஞாபகமில்லை. பள்ளிக் கணினியில் இருந்ததாக மட்டும் சொல்கிறார். அந்த நான்கிலும் அடிக்கடி வரும் பைட்டுகளை எண்ணி, தமிழில் அடிக்கடி வரும் எழுத்துகளோடு பொருத்திப் பார்க்க ஒரு சிறு நிரல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இது 3.13-இல், அதற்கென்று தனியாக ஒரு சூழலில்.